கெட்டிலிடம் சொன்னது

ஸ்காட்லாந்துப் பக்கம், மனுஷரைவிட ஆடுகள் அதிகமுள்ள ஒரு தீவு. அங்கே கடலோர விடுமுறை வீடு ஒன்றில் விசிலடிக்கும் கெட்டில் ஒன்று இருந்தது. தங்க வருகிறவர்கள் அதில் தண்ணீர் கொதிக்க வைப்பார்களே தவிர, ஒருவரும் அதனிடம் பேசியது கிடையாது.

அந்த வாரம் வத்சலாவும் அவள் கணவர் ஞானசேகரும் வந்தார்கள். படகிலேயே சண்டை, வீட்டுக்குள் வந்தும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்தபடி வத்சலா, "மஃப்ளரை எடுத்து வச்சா, கிழவன் மாதிரி இருக்குன்னு தூக்கிப் போட்டா என்ன பண்றது?" என்றாள்.

கெட்டிலுக்குப் பெருமை பிடிபடவில்லை. சற்று நேரத்தில் ஞானசேகரும் வந்து அதையே பார்த்து, "நிம்மதியா இருக்கலாம்னு வந்தா, இங்கேயும் குத்தம் சொல்ல ஆள் இருக்கு" என்றார்.

"பார்த்தியா? என்கிட்ட மனசுவிட்டுப் பேசறாங்க" என்று கெட்டில் கதவிடம் சொன்னது.

"அட அசடே, அது சாடைப் பேச்சு. அவ சொல்றது அவருக்கு, அவர் சொல்றது அவளுக்கு" என்றது கதவு.

"உனக்குப் பொறாமை" என்றது கெட்டில்.

மறுநாள் கடற்காற்றில் நடந்துவிட்டு வந்த ஞானசேகர் விடாமல் இருமினார். வத்சலா பெட்டியின் அடியிலிருந்து அதே மஃப்ளரை எடுத்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டு, சுக்குக் காபியை நீட்டினாள். "சூடா இருக்கு, மெதுவா குடிங்க."

தன்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து, மீதித் தண்ணீரோடு இன்னும் அடுப்பிலிருந்த கெட்டில் "சரிம்மா" என விசிலடித்தது. வத்சலா திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுப்பை அணைத்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து பேச ஆரம்பித்தவர்கள் நிறுத்தவே இல்லை.

கெட்டில் மெல்லக் கதவைக் கேட்டது:

"இவங்க மறுபடி எப்போ சண்டை போடுவாங்க?"