நகல் இருக்கும்வரை

எங்கள் ஆபீஸில் நான் பார்த்துக்கொள்ளும் மெயில் சர்வரில் அசல் மெயில் எல்லாம் டிஸ்க்கில் இருக்கும். அடிக்கடி திறக்கிற மெயில்களுக்கு மட்டும் கேஷ் என்கிற தற்காலிக நினைவகத்தில் ஒரு நகல். கேஷ் சின்னது. கொஞ்ச நேரம் யாரும் திறக்காத நகலை அதுவே தூக்கிப் போட்டுவிடும். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் மொத்தமும் காலி.

போன வாரம் கேஷில் ஒரு நகல் கூடுதலாக இருந்தது. அதற்கு அசல் எங்கேயும் இல்லை. கணக்குப் பிரிவு அம்மாவுக்கு அவர் தம்பி எழுதியது: அப்பா தவறிவிட்டார். ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன். மதியம் கேஷ் அதைத் தூக்கிப் போட்டது. அடுத்த நிமிடமே அந்த மெயில், எழுத்து மாறாமல், வெளியிலிருந்து வந்து சேர்ந்தது. அந்த அம்மா அழுதுகொண்டே கிளம்பிப் போனார்.

இன்று காலை இன்னொரு நகல். எனக்கு, என் மனைவியின் தம்பி அனுப்பியது. "மாமா, அக்காவ லாரி இடிச்சிடுச்சு. உடனே வாங்க."

மனைவிக்குப் போன் போட்டேன்.

"துணி காயப்போட்டுட்டு இருக்கேன். என்ன, குரலே ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. இன்னிக்கு வெளிய போகாத."

"அப்ப பாப்பாவ ஸ்கூல்லேர்ந்து யாரு கூட்டிட்டு வருவா, உங்க சர்வரா?"

மெயிலைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். திறந்துகொண்டே இருந்தால் கேஷ் அதைத் தள்ளாது. சாப்பிடப் போகவில்லை. பாத்ரூமுக்கும் போகவில்லை.

ஸ்கூல் விடுகிற நேரத்தில் பக்கத்து மேசைக்காரன் நாற்காலியைத் திருப்பினான்.

"காலைலேர்ந்து சர்வர் நொண்டுதுண்ணே. எல்லாரும் திட்டுறாங்க. ரீஸ்டார்ட் போட்டுட்டேன்."

திரை ஒருமுறை வெளுத்தது. நூறு தடவை படித்த மெயில், படிக்காத மெயிலாகத் தடித்த எழுத்தில் மேலே வந்து நின்றது.