ஆறு மாத அவகாசம்

நீதிபதி பேச ஆரம்பித்ததும் என் கட்சிக்காரி வலது காதை அவர் பக்கம் திருப்பினாள்.

"பரஸ்பர சம்மதத்தோட விவாகரத்து கேட்டு ஆறு மாசம் ஆச்சு. இப்பவும் ரெண்டு பேருக்கும் சம்மதம்தானே?"

"சம்மதம் ஐயா," என்றான் புருஷன்.

"எனக்கு இல்லைங்க ஐயா. நான் இவரோடயே வாழறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீதிபதிக்கோ வாயெல்லாம் பல். "அவகாசம் குடுக்கறதே இதுக்குத்தாம்மா!"

மனு தள்ளுபடியானது. புருஷன் பல்லைக் கடித்துக்கொண்டு வெளியேறினான்.

வராந்தாவில் அவளை மடக்கினேன். "புத்தி பேதலிச்சுப்போச்சா? இவன்கிட்டேருந்து தப்பிக்கணும்னுதானே என் ஆபீஸ் படியேறி அழுதே?"

"நேத்து அப்பா போன் பண்ணாரு மேடம். தீர்ப்பு வந்ததும் தங்கச்சிய இவருக்கே கட்டிக்குடுக்கப் போறாராம். 'மாப்பிள்ளை தங்கமானவரு, உனக்குத்தான் வாழத் தெரியலை'ங்கறாரு."

"தங்கச்சி?"

"பத்தொன்பது வயசு. அப்பா சொன்னா தலையாட்டுவா."

"அதுக்காக நீ..."

"நான் பொண்டாட்டியா இருக்கறவரைக்கும் இவரால அவளைக் கட்ட முடியாதுல்ல?"

அவளுக்கு இடது பக்கம் நின்ற காரிலிருந்து புருஷன் விடாமல் ஹாரன் அடித்தான். அவள் வலது பக்கம் திரும்பித் தேடினாள். நான்தான் கார் நின்ற பக்கம் கையைக் காட்டினேன்.

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள்.

"இவரு அறைஞ்சதுல எனக்கு ஒரு காதுதான் போச்சு மேடம். அவளுக்கு இன்னும் ரெண்டும் நல்லா கேக்குது."