லூபேயின் அறையில் இருக்கும் பெட்டி

லேப்டாப் திரையில் லூபே வாயைத் திறந்தாள். பெயர் வரவில்லை. முகமும் போய்விட்டது.

லிசியாதே லேப்டாப்பைச் சட்டென்று தன் பக்கம் திருப்பி மடியில் வைத்துக்கொண்டான்.

"வைஃபை புடுங்கிக்கிச்சு," என்றான்.

பாய்களில் உட்கார்ந்திருந்த சொந்தபந்தம் மொத்தமும் மூச்சை விட்டது.

பிள்ளைக்கு அத்தைதான் பெயர் வைக்க வேண்டும். அத்தை சொல்லாமல் அந்த வீட்டில் எந்தப் பிள்ளையும் பெயர் வாங்கியதில்லை. அத்தை லூபே இருப்பதோ கடலுக்கு அந்தப் பக்கம், ஆக்லாந்தில். நாளைக்குக் கோவிலில் ஞானஸ்நானம். பெயரை எழுதிக்கொண்டு போக டோங்காவின் அத்தனை வெயிலிலும் கோட்டு மாட்டிக்கொண்டு போதகரே வந்து உட்கார்ந்திருக்கிறார். லிசியாதேயின் மனைவி சேலா, பெயரில்லாத பெண்ணை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

வைஃபை பெட்டி இருப்பது லூபேயின் அறையில்.

வளர்ந்த தம்பி அக்காவின் அறைக்குள் கால் வைக்க மாட்டான். அக்கா கல்யாணமாகிப் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இருந்தாலும் அது அவள் அறைதான். லிசியாதே வேறு தீவில் வேலையாக இருந்தபோது வந்த ஆட்கள், கம்பி இழுக்க வசதியாக இருக்கிறதென்று அந்த ஜன்னலோரமே பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அது எப்போது மக்கர் பண்ணினாலும் அம்மா உள்ளே, இவன் திரைச்சீலைக்கு வெளியே.

"அம்மா, விளக்கு என்ன நிறத்துல எரியுது?"

"பப்பாளி நிறம்."

"பழமா, காயா?"

"ஒண்ணு பழம், ரெண்டு காய்," என்றாள் கலோலைன் உள்ளேயிருந்து.

கூட்டம் சிரித்தது. மாக்கா மாமாவுக்கு இது போதாதா?

"ஊருக்கெல்லாம் கம்பத்துல ஏறி கம்பி மாட்டுறான். சொந்த வீட்டுல பாரு, வாசல்ல நின்னு குறி கேக்குறான்!"

லேப்டாப் மணியடித்தது. லூபே மறுபடி வந்தாள். தலையில் பூ வைத்திருந்தாள்.

"தம்பி, பிள்ளைய இன்னும் கிட்டக்க காட்டச் சொல்லு."

சேலா தூக்கிக் காட்டினாள். பிள்ளை கொட்டாவி விட்டது. லூபே பார்த்துக்கொண்டே இருந்தாள். போதகர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"இவ பேரு..."

போய்விட்டது.

லிசியாதே மறுபடி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான்.

"சூடு ஏறியிருக்கும். அம்மா, பெட்டி மேல எதாவது கெடக்கா?"

உள்ளேயிருந்து மெதுவாகப் பதில் வந்தது.

"தூசி படக் கூடாதேன்னு பாயைச் சுத்தி வச்சேன்டா."

"எந்தப் பாய்?"

"உங்க அக்கா கல்யாணப் பாய். நல்ல பொருளுக்கு நல்ல பாய்தானே சுத்தணும்?"

இந்தத் தடவை போதகரும் சிரித்துவிட்டார்.

"அதான் விஷயம்! மூச்சு முட்டிப்போச்சு அதுக்கு," என்றான் லிசியாதே. "மெதுவா அவிழும்மா. நூலு பிரிஞ்சிடப் போகுது. அவிழ்த்துட்டு விசிறி எடுத்து வீசு. நல்லா ஆறட்டும், அவசரமே இல்ல."

"அவசரமில்லையாம்! குழி அடுப்புல இருந்து எடுத்த கறியெல்லாம் ஆறுது," என்றார் மாமா.

"ஆறினாலும் நீதான் திங்கப்போற மாமா."

உள்ளே விசிறியின் சத்தம் கேட்டது. யாரோ ஒரு பாட்டை எடுத்தார்கள். காத்திருக்கும் இடத்தில் பாடாமல் இருக்க அந்த ஊருக்குத் தெரியாது. ஆண்கள் கீழே பிடிக்க, பெண்கள் மேலே போக, ஓலைத் தட்டிகள் அதிர்ந்தன. பிள்ளை முழித்துக்கொண்டு, அழாமல் கேட்டது.

பாட்டின் நடுவிலேயே மணியடித்தது. லிசியாதே எடுக்கவில்லை. கடைசி அடி முடியும்வரை விட்டுவிட்டு, பிறகு எடுத்தான்.

லூபேயின் மூக்கு சிவந்திருந்தது. பூவைக் காணோம். ஆனால் இந்தத் தடவை அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சியாலே," என்றாள். "இவ பேரு சியாலே."

"மாலோ! மாலோ!" என்று வீடே நன்றி சொல்லிக் கத்தியது. போதகர் எழுதிக்கொண்டார். மாமா எழுந்து, விசேஷத்துக்கென்று வேட்டி மேல் இடுப்பில் கட்டியிருந்த பாயோடு நாலு அடி ஆடினார். சேலா பிள்ளையின் காதில் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.

லிசியாதேவுக்கு அந்தப் பெயர் தெரியும். கல்யாணமான புதிதில் அக்கா அதை ஒரு குட்டிச் சட்டையில் பூவேலையாகப் போட்டு வைத்தாள், தனக்குப் பிறக்கப்போகும் பெண்ணுக்கென்று. அந்தச் சட்டையைப் போட்டுக்கொள்ள யாரும் வரவில்லை.

சாப்பாடு நடந்தது. வாழையிலைப் பொட்டலங்கள் பிரிந்து தேங்காய்ப்பால் மணம் எழும்பியது. கல்யாணப் பாயில் பெட்டியைச் சுற்றிய கலோலைனைத்தான் எல்லோரும் கேலி செய்தார்கள். அவளும் சளைக்காமல் சிரித்துக்கொண்டே பரிமாறினாள். மகனிடம் வந்தபோது குனிந்து, ஒரு பொட்டலம் கூடுதலாக வைத்தாள்.

"பெட்டி சில்லுன்னுதான்டா இருந்துச்சு," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"தெரியும்மா. சத்தம் போடாத."

அவள் அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

அவன் லேப்டாப்பை யாருக்கும் தெரியாதபடி திருப்பி வைத்துக்கொண்டான். சிக்னல் போன அடையாளம் எதுவும் அதில் இல்லை. பாதியில் நின்ற இரண்டு அழைப்புக்கும் கீழே ஒரே வரிதான் இருந்தது. முதல் தடவை பார்த்த அதே வரி.

"அழைப்பை லூபே துண்டித்தார்."

இரண்டையும் அழித்தான். லேப்டாப்பை மூடிவிட்டு, மாமா பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"என்னடா கம்பத்துக்காரா," என்று ஆரம்பித்தார் மாமா. "ஒரு பெட்டிய சரி பண்ண ஒனக்கு இவ்வளவு நேரமா?"

"ஆமா மாமா," என்றான் லிசியாதே. "கஷ்டமான கோளாறு."