விமானத்துக்கு ஒரு சைலன்சர்

“சத்தம் இன்னும் கொஞ்சம் குறையாதாங்க?”

கேட்ட அம்மாள் காதைப் பொத்திய கையை எடுக்கவே இல்லை. மெக்கானிக் இன்ஜினை நிறுத்தினார். ரிமோட்டில் பறக்கும் சின்ன விமானம்தான். ஆனால் காலையிலிருந்து மனுஷனைப் பாடாய்ப் படுத்திக்கொண்டிருந்தது.

“அம்மா, இது பெட்ரோல் இன்ஜின் மாதிரி நிஜ இன்ஜின். பேட்டரி பொம்மை இல்ல. பழைய சைலன்சர் விரிசல் விட்டு, புகை நேரா வெளியே வந்துட்டிருந்தது. அதான் அப்படி ஒரு அலறல். இப்போ புதுசு மாட்டியாச்சு. பாதிக்குப் பாதி குறைஞ்சிருக்கு.”

“பாதி பத்தாதுங்க. பாதி சத்தத்துக்கும் புகார் வரும்.”

புகார் கதையை வந்ததுமே சொல்லிவிட்டாள். அவர் இந்த விமானத்தைக் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள மைதானத்தில் தினமும் சாயங்காலம் பறக்கவிடுவாராம். அதற்கு முன்னால் பால்கனியில் வைத்து இன்ஜினை ஓட்டிப் பார்ப்பாராம். கீழ் வீட்டம்மாவிடமிருந்து குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் போய்விட்டது. சத்தத்தைக் குறைக்காமல் இதைத் தொடவே கூடாது என்று செயலாளர் கறாராகச் சொல்லிவிட்டார். அதைக் கேட்டு விமானக்காரர் மறுபேச்சுப் பேசவில்லை. விமானத்தைக் கொண்டுபோய்ப் படிக்கட்டுக்கு அடியில் உடைந்த நாற்காலிகளோடு போட்டுவிட்டார். இந்த அம்மாள்தான் மனசு கேட்காமல் எடுத்து வந்திருந்தாள்.

“அதுக்கப்புறம் ஆளே மாறிட்டாருங்க. காலைல செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் நடப்பார். இப்போ அது இல்ல. பாட்டுப் போட்டுக் கூடவே தப்புத் தப்பாப் பாடுவார். அதுவும் நின்னு போச்சு. ராத்திரியெல்லாம் இருமல்தான். மருந்து சாப்பிட்டாரா இல்லையான்னுகூடத் தெரியல.”

“நீங்க கேக்க வேண்டியதுதானே?”

“நான் கேட்டா எரிஞ்சு விழுவார்.”

“எங்க வீட்லயும் அதே கதைதாம்மா. என் வீட்டுக்காரி கேட்டா எரிஞ்சு விழுவேன். கேக்கலைன்னா அதுக்கும் எரிஞ்சு விழுவேன்.”

அந்த அம்மாள் லேசாகச் சிரித்தாள். மெக்கானிக்குக்கும் இரக்கம் வந்துவிட்டது. அலமாரியைக் குடைந்து சத்தத்தை இன்னும் அடக்கும் நீளமான குழாய் ஒன்றை எடுத்தார். ஏற்கெனவே மாட்டிய சைலன்சரின் வாயில், சூடு தாங்கும் ரப்பர் குழாயைச் செருகி, அதன் மறுமுனையில் இதை இணைத்தார். விமானத்தின் வயிற்றோரம் குழாய் உட்காரும் இடத்தில் ரப்பர் துண்டு வைத்து இறுக்கினார்.

“இந்த ரப்பர் எதுக்குங்க?”

“குழாய் நேரா இந்த மர உடம்புல பட்டா மொத்த விமானமும் அதிரும். இன்ஜின் போடற சத்தம் போதாதுன்னு இது வேற பின்பாட்டுப் பாடும்.”

“பாரம் கூடிடுச்சே. பறக்குமா?”

மெக்கானிக் இரண்டு விரல்களை இறக்கைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். மூக்கு தொங்கியது. ரிமோட் கருவிக்கான சின்ன பேட்டரியை வால் பக்கம் தள்ளி வைத்ததும் விமானம் சமமாக நின்றது.

“ஜோராப் பறக்கும். வேகம்தான் கொஞ்சம் குறையும். உங்க வீட்டுக்காரருக்குக் கோபம் வருமோ என்னவோ.”

“வரட்டும். நல்லாக் கத்தட்டும். ஒரு குரல் கேட்டாலே எனக்குப் போதும்.”

மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. “அந்தக் கீழ் வீட்டம்மாவுக்கு வேற வேலையே இல்லையா? ஒரு மனுஷன் சாயங்காலம் கொஞ்ச நேரம் சந்தோஷமா இருந்தா அவங்களுக்கு என்ன வந்தது?”

“அவளுக்கு ஒத்தைத் தலைவலியாம். வந்தா கண்ணைத் திறக்க முடியாதாம்.”

“தலைவலின்னா மாத்திரை போடணும். அடுத்தவன் தலையில கல்லைப் போடக் கூடாது. நீங்க ரொம்ப நல்லவங்கம்மா, அவங்களுக்கும் பரிஞ்சு பேசறீங்க.”

அவள் கைக்குட்டையால் விமானத்தின் வாலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கடை மாடிக்குக் கொண்டுபோய் ஓட்டறீங்களா? நான் கீழேயே நின்னு கேக்கறேன்.”

“எல்லாரும் பக்கத்துல நின்னு கேப்பாங்க. நீங்க ஒரு தினுசு” என்று சொன்னாலும் மெக்கானிக் தூக்கிக்கொண்டு போனார். குழாய் மாறினால் இன்ஜினுக்குப் போகும் எரிபொருளின் அளவும் மாறும். அந்தத் திருகை அப்படியும் இப்படியும் திருப்பி, புகை சீராக வந்த பிறகு முழு வேகத்தில் ஓடவிட்டார். எண்ணெய்க் கையோடு இறங்கி வந்தபோது, அந்த அம்மாள் கடை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.

“எப்படிம்மா?”

“ஃபேன் ஓடற மாதிரி இருக்குங்க. இதைக் கேட்டுக்கிட்டே தூங்கிடலாம்.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இனிமே அவர் பறக்கவிடலாம்.”

மெக்கானிக்குக்கும் சந்தோஷம். இன்ஜினை நிறுத்தி, விமானத்தைக் கீழே கொண்டுவந்து பெட்டியில் வைத்துக் கட்டினார்.

“இன்னிக்கே சார்கிட்ட குடுத்துடுங்கம்மா. அந்தக் கீழ் வீட்டம்மா மட்டும் என் கண்ணுல பட்டாங்கன்னா, நறுக்குன்னு நாலு கேள்வி கேக்காம விட மாட்டேன்.”

“கேளுங்க” என்றபடி அவள் பெட்டியை மெல்லக் கீழே வைத்தாள். “நான்தான் அது. மேல் வீட்ல அவர் தனியா இருக்கார்னே எனக்குப் போன வாரம்தான் தெரியும். இதுவரைக்கும் அவரோட ஒரு வார்த்தை பேசினதில்லைங்க. கதவைத் தட்டி, என்ன சொல்லி இதைக் குடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க.”