உப்புக்கு வந்த மவுசு

ராஜாக்கள் ஊர் பிடிக்கும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள்ளே மிளகும் உப்பும் அடுத்தடுத்த துறைமுகத்தில் குடியிருந்தன. மிளகை ஏற்றும் ராஜாவுக்குக் கஜானா நிறையும். உப்பை ஏற்றினால் கப்பலில் மீன் கெடாது, அவ்வளவுதான். அதனால் எல்லாக் கப்பல்களும் மிளகிடமே போயின.

"நீ இந்த ஆட்டத்துல உப்புக்குச் சப்பாணிடி. பேரே பொருத்தமா இருக்கு," என்று மிளகு சிரித்தது.

உப்புக்கு வேறு கவலை இருந்தது. யாரும் எடுக்காத சரக்கை இன்றைக்கு ஆட்டத்தை விட்டே தூக்கப்போவதாகக் காற்றுவாக்கில் அது கேட்டிருந்தது.

விளையாட்டைச் செய்தவரின் அம்புக்குறி மேலே வந்து நின்றது. உப்பு கண்ணை இறுக மூடிக்கொண்டது. அம்பு அதைத் தாண்டிப் போய் மிளகின் மேல் உட்கார்ந்தது.

"எல்லாரும் இதையே எடுத்தா அப்புறம் ஆட்டம் என்னத்துக்கு?" என்று ஒரு குரல் கேட்டது. மிளகு தரும் லாபம் பாதியாகிப் போனது. பிறகு அம்பு உப்பிடம் திரும்பி வந்தது. இனிமேல் உப்பு ஏற்றிய கப்பல் எவ்வளவு தூரமும் போகலாம் என்று ஆக்கிவிட்டது.

அடுத்த ஆட்டத்தில் துறைமுகம் கொள்ளாமல் கப்பல்கள் உப்பிடம் வந்து முட்டிக்கொண்டன. மிளகு குன்றிப்போய் ஓரமாக நின்றது.

உப்பு அண்ணாந்து பார்த்தது. அம்பு இன்னும் போகவில்லை. உப்பின் தலைக்கு நேரே நின்றிருந்தது.

"ஐயா, எல்லாரும் இங்கேயே நிக்காதீங்க," என்று உப்பு கப்பல்களிடம் கெஞ்சியது. "பாதிப் பேரு மிளகுகிட்ட போங்க, புண்ணியமாப் போகும்."

"உங்களுக்குப் பெரிய மனசுக்கா," என்று மிளகு கண் கலங்கியது.

உப்பு அதைக் காதில் வாங்கவே இல்லை. அம்பையே பார்த்துக்கொண்டிருந்தது.