ஜனவரி எடை

"தலை ரொம்ப லேசா இருக்கு அண்ணா. இவ தூங்கினா என் தோளே மரத்துப்போகும்."

இறந்த குழந்தைகளின் உருவங்களைச் செய்துதரும் கடையில், ஜெசிந்தா பொம்மையைத் தோளில் சாய்த்தபடி நின்றாள். கதிரவேல் கணினியில் வரைபடத்தைத் திறந்தான். உடம்புக்கும் கைகால்களுக்கும் எந்தெந்தப் பொருள் என்று குறித்தவன் தலைக்குக் குறிக்க மறந்திருந்தான். இயந்திரம் அதை வெறும் கூடாக அச்சிட்டிருந்தது.

"தப்பு என்னோடதும்மா."

பொருள்களின் பட்டியலிலிருந்து எலும்பு, கொழுப்பு, தோல் என்று ஒவ்வொன்றாகத் தலைக்குக் கொடுத்தான். திரையோரத்தில் மொத்த எடை ஐந்து கிலோ எழுநூறு கிராமில் வந்து நின்றது. மருத்துவமனைச் சீட்டில் கடைசியாக எழுதியிருந்த அதே எடை.

"இப்ப சரியா?"

"அது ஜனவரி எடை அண்ணா. இப்ப ஆகஸ்ட் ஆயிடுச்சு. மாசாமாசம் கொஞ்சம் கனம் கூடுற மாதிரி ஒரு பொருள் அந்தப் பட்டியல்ல இருந்தா, அதைப் போட்டுத் தர்றீங்களா?"