வெற்றுத் தாளில் ஒரு கைநாட்டு

வேலைக்குச் சேருகிற அன்றே வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது வைரமணியின் கடலைமிட்டாய் கம்பெனியில் வழக்கம். பன்னிரண்டு வருடம் வேலை பார்த்து, பி.எஃப். கேட்டதற்காகத் துரத்தப்பட்ட பேச்சியம்மாளின் தாளைத்தான் வைரமணி இப்போது தொழிலாளர் அலுவலரிடம் நீட்டினாள். ‘சொந்த விருப்பத்தில் விலகுகிறேன்’ என்று கைநாட்டுக்கு மேலே புது மையில் எழுதி, போன மாதத் தேதி போட்டிருந்தது.

“தானாத்தான் சார் போனா. ரேகைய வேணா சரிபார்த்துக்கோங்க.”

பேச்சியம்மாள் குனிந்து பார்த்தாள். “ஏன்க்கா, நான் எதுக்குப் போன மாசம் கைநாட்டு வைக்கப் போறேன்? கையெழுத்துப் போட நீங்கதான கையப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தீக?”

“நானா? வாய் ரொம்ப நீளுதுடி உனக்கு.”

கையெழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்த மத்தியானங்கள் வைரமணிக்கு நன்றாக நினைவிருந்தன. பாகு ஒட்டிய அந்த விரல்களைப் பிடித்து எழுதவைத்தபோது, தான் எவ்வளவு நல்லவள் என்று நினைத்து மனம் குளிர்ந்ததும் நினைவிருந்தது. அதற்காகவே இப்போது பேச்சியம்மாளை இன்னும் வெறுத்தாள்.

அலுவலர் ஒரு தாளை நகர்த்தினார். “போட்டுக் காட்டும்மா.”

பேச்சியம்மாள் நிதானமாகப் பெயரை எழுதினாள். அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளிகள் வைத்தாள். அலுவலர் அதைப் பார்த்தார். பிறகு வைரமணி கொடுத்திருந்த பதில் மனுவைத் திருப்பி, அவள் கையெழுத்தைப் பார்த்தார். அதே கோடு. அதே இரண்டு புள்ளிகள்.

“எங்க போறீங்க? உக்காருங்க” என்றார்.

தான் எழுந்து நிற்பது அப்போதுதான் வைரமணிக்குத் தெரிந்தது.